ஒரே மேசன், ஒரே கை, வேறு சம்பளம்: பணக்கார மாநிலங்கள் எதனால் ஓடுகின்றன?

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் இலங்கையின் கிழக்கில் உள்ள களுவாஞ்சிகுடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் இருந்தோம். கட்டாரில் ஏழு வருடம் மேசன் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த மருமகன் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாமா, இஞ்சயும் இதே கல்லுத்தான் வைக்கன், அங்கயும் இதே கல்லுத்தான் வைச்சன். மறுகா ஏன் அங்க மட்டும் அவ்வளவு சம்பளம்?"

நான் வாய் திறக்கமுன் பதில்கள் வந்துவிட்டன. "அது எண்ணெய்க்காசு" என்றார் ஒருவர். "அப்ப கனடாவில லொறி ஓடுற உங்கட தம்பிக்கு? அவருக்கும் எண்ணெயா?" என்று இன்னொருவர் மடக்கினார். "அமெரிக்காக்காரன் டொலர் அடிக்கான், மத்தவனெல்லாம் அவனுக்குப் பின்னால" என்றார் மூன்றாமவர். வயதில் மூத்த பெரியப்பா, "எல்லாம் எங்கட நாடுகளைக் கொள்ளையடிச்ச காசு" என்று முடித்துவைத்தார்.

நான் பல வருடமாக உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். இந்த நாலு பதிலையும் மாணவர் வாயிலும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் வாயிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் துளி உண்மை இருக்கிறது, ஆனால் மருமகனின் கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூடப் பதில் ஆகாது. அவருக்காகவும் அவரைப் போலக் கேட்பவர்களுக்காகவும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உதாரணத்துக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுக்கிறேன். அது ஏன் என்பது போகப்போக விளங்கும்.

பெட்டகமும் வயலும்

ஒரு போடியாரை, அதாவது பெரிய வயற்காரரை, நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெட்டகத்தில் நகை இருக்கிறது. படுவான்கரையில் வயலும் இருக்கிறது. அவர் பணக்காரர் என்று நாம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் நகை எடுக்க எடுக்கக் குறையும். வயல் போகத்துக்குப் போகம் தரும். குடும்பம் வருடம் முழுவதும் எப்படிச் சாப்பிடும் என்பதைத் தீர்மானிப்பது வயல்.

ஒரு நாட்டை, ஒரு மாநிலத்தை அளக்கும்போது பொருளியல் பார்ப்பது அந்த வயலின் விளைச்சலைத்தான். ஒரு வருடத்துக்குள் அந்த எல்லைக்குள் செய்யப்பட்ட பொருட்கள், வழங்கப்பட்ட சேவைகள் எல்லாவற்றினதும் பெறுமதிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று பெயர். செய்திகளில் "பொருளாதாரத்தின் அளவு" என்று வருவது இதைத்தான்.

இதைக் கூட்டுவதில் ஒரு கவனம் வேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: விவசாயி 100 ரூபாய்க்கு நெல் விற்கிறார். ஆலைக்காரர் அதைக் குற்றி 150 ரூபாய்க்கு அரிசியாக விற்கிறார். அதை மாவாக்கி இடியப்பம் அவிக்கும் அக்கா 260 ரூபாய்க்கு விற்கிறார். 100, 150, 260 என்று மூன்றையும் கூட்டினால் அதே நெல்லை மூன்று தரம் எண்ணியதாகும். ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் எடுக்க வேண்டும்: விவசாயி 100, ஆலைக்காரர் 50, அக்கா 110. மொத்தம் 260. இப்படி ஒவ்வொரு கையும் புதிதாகச் சேர்ப்பதைப் பெறுமதி சேர்ப்பு என்பார்கள். கடைப் பற்றுச்சீட்டில் நாம் திட்டிக்கொண்டே கட்டும் பெறுமதி சேர் வரியின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். இந்தச் சின்னக் கணக்கில் நெல்லை விளைவித்தவரைவிட இடியப்பம் அவித்தவர் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். இதை மனதில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

இப்போது எண்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி கலிபோர்னியாவின் உற்பத்தி 4.1 டிரில்லியன் டொலர், அதாவது நாலு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி. அதை ஒரு தனி நாடாக எண்ணினால் உலகத்தில் நாலாவது இடம், ஜப்பானை ஒரு மயிரிழையில் தாண்டிவிட்டது (அந்த நேரம் ஜப்பானின் யென் விழுந்து கிடந்ததும் இதற்கு ஒரு காரணம்). இலங்கையின் உற்பத்தி அதே ஆண்டில் ஏறத்தாழ 9,900 கோடி டொலர். நாம் இரண்டு கோடியே சொச்சம் பேர், அவர்கள் நாலு கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு ஆள் பிரித்தால் அங்கே ஒரு இலட்சம் டொலருக்கு மேல், இங்கே 4,500 டொலர் போல.

இருபது மடங்குக்கு மேல் இடைவெளி. அங்கே முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும் இங்கேயுள்ளதைப் போல எத்தனையோ மடங்கு என்பதால், அந்த விலை வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் ஆறு மடங்கு போல நிற்கிறது. அந்த ஆறு மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதே நம் கேள்வி.

முற்றத்தில் சொன்ன பதில்கள்

மண்ணுக்குள் கிடப்பதுதான் செல்வம் என்ற பதிலை முதலில் பார்ப்போம். உறுதிப்படுத்தப்பட்ட எண்ணெய் இருப்பு உலகிலேயே அதிகமாக உள்ள நாடு வெனிசுவேலா. 2014க்குப் பிந்திய ஏழெட்டு வருடத்தில் அதன் பொருளாதாரம் முக்கால்வாசி சுருங்கியது, இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு நடந்தே வெளியேறினார்கள். ஜப்பானோ தான் பாவிக்கும் எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதையும் கப்பலில் இறக்குகிறது. கலிபோர்னியாவில் எண்ணெய்க் கிணறு உண்டு, ஆனால் அங்கே சுத்திகரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெளியே இருந்து வருவது. 1848இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் சனம் அள்ளுப்பட்டுப் போனது உண்மை. அந்தத் தங்கம் சில வருடங்களிலேயே கை எட்டும் ஆழத்தில் தீர்ந்துபோனது. வந்த சனமும் அவர்கள் கட்டிய துறைமுகமும் வங்கியும் றோட்டும் மிஞ்சின. கட்டாரைப் பொறுத்தவரை "எண்ணெய்க்காசு" என்ற பதில் பாதி சரி, அங்கே எரிவாயு உண்மையிலேயே பெரிய பங்கு. மூன்று கோடி, நாலு கோடி சனம் உள்ள பெரிய மாநிலங்களுக்கு அந்த விளக்கம் போதாது.

காசு அடிப்பது அடுத்த பதில். கலிபோர்னியாவை நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். அந்த மாநிலத்துக்கு ஒரு டொலரைக்கூட அச்சடிக்கும் அதிகாரம் இல்லை. சொந்த மத்திய வங்கி இல்லை. அப்படியிருந்தும் அது அமெரிக்காவின் சராசரியைவிடப் பணக்காரமானது. அதே டொலரைப் பாவிக்கும் மிசிசிப்பி மாநிலம் மிகவும் பின்னால் நிற்கிறது. நோட்டுத்தான் காரணமென்றால் இரண்டும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். காசு அடித்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் இலங்கையில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு எழுபது கூடியிருந்தது. மாப் பையும் காஸ் சிலிண்டரும் தேடி அலைந்த அந்த மாதங்களில் கையில் நோட்டுக்குக் குறைவில்லை, நோட்டுக்கு வாங்கப் பொருள்தான் இல்லை. டொலரை உலகம் நம்பிச் சேமிப்பதால் அமெரிக்காவுக்கு மலிவாகக் கடன் கிடைக்கிறது என்பது மெய்யான சலுகை. சலுகை என்ற அளவோடு அது நிற்கிறது.

பெரியப்பாவின் பதில் இலேசாகத் தள்ளக்கூடியதல்ல. கலிபோர்னியாவின் காணி அங்கே இருந்த பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது, அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அமெரிக்காவின் பருத்தி அடிமைகளின் முதுகில் விளைந்தது. நம் நாட்டுத் தேயிலையின் கதையும் நமக்குத் தெரியும். இவை ஆரம்ப முதலுக்கு உதவின. ஆனால் கொள்ளை மட்டும் ஒரு நாட்டைத் தொடர்ந்து பணக்காரமாக வைத்திருக்குமென்றால் ஸ்பெயின் இன்றைக்கும் உலகத்தின் முதலிடத்தில் இருக்க வேண்டும். 1545க்குப் பிறகு தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையின் வெள்ளி கப்பல் கப்பலாக அங்கே போனது. 1557இல் ஸ்பெயின் அரசன் கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தான். வெள்ளி வந்தது, அதைக் கொடுத்து மற்றவர்கள் செய்த பொருளை வாங்கினார்கள், வெள்ளி போய்விட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: நாம் அளப்பது பெட்டகத்தில் கிடப்பதை அல்ல, வருடா வருடம் செய்யப்படுவதை. எண்ணெயும் அச்சு இயந்திரமும் பழைய கொள்ளையும் அந்த ஆறு மடங்கை விளக்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு?

இனி வயலுக்கே போவோம். என் சின்ன வயதில் அறுவடை என்றால் வெட்டுக்காரர் கூட்டமாக வருவார்கள். விடியமுன் வாடியில் பிளேன்டீ கொதிக்கும். தாக்கத்தியோடு வரிசையாகக் குனிந்து வெட்டி, உப்பட்டியாகப் போட்டு, காயவிட்டு, கட்டிச் சுமந்து, சூடு வைத்து, பிறகு ஒரு இரவில் மாட்டை விட்டோ உழவு மெசினை விட்டோ சூடடித்து, காற்றுப் பார்த்துத் தூற்றி, மூட்டை கட்ட வேண்டும். நிமிரும்போது முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு ஏக்கர் நெல் மூட்டைக்குள் போக எத்தனை பேருடைய எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது வெட்டு மெசின் வட்டைக்குள் இறங்குகிறது. ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் கூட நிற்கிறார். வெட்டு, அடிப்பு, தூற்று எல்லாம் அதன் வயிற்றுக்குள் நடந்து ஒரு மணித்தியாலம் போலச் சென்றால் ஏக்கர் முடிந்துவிடும். நெல்லின் அளவு மாறவில்லை, மண்ணும் அதே மண். மாறியது ஒருவருடைய ஒரு மணித்தியால உழைப்புக்கு எவ்வளவு நெல் என்பது. இதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு சொல்லை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

கலிபோர்னியாவிலும் நெல் விளைகிறது என்றால் எங்கள் ஊரில் பலர் நம்ப மாட்டார்கள். சக்கரமென்ரோ பள்ளத்தாக்கில் ஐந்து இலட்சம் ஏக்கர் அளவில் விதைக்கிறார்கள், வருடத்தில் ஒரே போகம். முளைகட்ட ஊறவைத்த விதைநெல்லைச் சின்ன விமானத்தில் ஏற்றி, தண்ணீர் கட்டிய வயலின் மேல் தாழப் பறந்து வீசுகிறார்கள். ஏக்கருக்கு 3,800 கிலோ போல விளைகிறது. நம் நாட்டுச் சராசரி ஒரு போகத்துக்கு 1,800 கிலோ சுற்று வட்டாரம். அப்படியானால் மண்ணின் விளைச்சல் வித்தியாசம் இரண்டு மடங்குதான், அதுவும் நாம் தண்ணீர் உள்ள இடங்களில் இரண்டு போகம் செய்கிறோம். ஆனால் அங்கே ஒரு குடும்பமும் சில வேலையாட்களும் பார்க்கும் வயலின் பரப்பு எங்கள் ஊரில் ஒரு முழுக் கிராமமே செய்யும் பரப்பு. ஏக்கரைப் பார்த்தால் இரண்டு மடங்கு, ஆளைப் பார்த்தால் எத்தனையோ மடங்கு. ஆறு மடங்கு இடைவெளி எங்கிருந்து கிளம்புகிறது என்று இப்போது தெரிகிறதா?

மெசினுக்குப் பின்னால் நிற்பவை

மருமகனிடம் நான் திருப்பிக் கேட்ட கேள்வி இது: "கட்டாரில ஒரு நாளைக்கு எத்தனை கல் வைப்பீங்க?" அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். இங்கே மண் அரிக்க வேண்டும், சீமெந்து குழைக்க வேண்டும், கையாள் வராவிட்டால் தானே தண்ணீர் தூக்க வேண்டும், சாரம் கட்ட வேண்டும், இடையில் மணல் முடிந்தால் டிராக்டர் வரும்வரை குந்தியிருக்க வேண்டும். அங்கே கலவை லொறியில் வரும், கல்லைக் கிறேன் தூக்கித் தரும், அளவு போட வேறு ஆள் நிற்பார். "நான் கல்லை மட்டும்தான் வைச்சன் மாமா" என்றார். சொல்லும்போதே அவருக்குப் பதில் விளங்கத் தொடங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

கிறேன், லொறி, வெட்டு மெசின், தறி, கணினி, துறைமுகம் போல மேலும் பொருள் செய்வதற்கென்று முன்கூட்டியே செய்துவைத்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மூலதனம். பேச்சுவழக்கில் காசைத்தான் மூலதனம் என்போம். இங்கே அது கருவியைக் குறிக்கிறது. கருவியோடு அதைக் கையாளத் தெரிந்த படிப்பும் பழக்கமும் சேர வேண்டும்.

மூன்றாவதாக வருவது யோசனை. பணக்கார மாநிலங்களை மற்றவர்களிடமிருந்து அதிகமாகப் பிரித்துவைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. இடியப்ப அக்கா நூறு பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நூறு பேருக்குரிய மாவைப் பிழிந்தே ஆக வேண்டும். கைபேசிக்குள் ஓடும் ஒரு மென்பொருளை ஒருமுறை எழுதினால் போதும். நூறு பேர் பாவித்தாலும் நூறு கோடிப் பேர் பாவித்தாலும் எழுதிய செலவு கிட்டத்தட்ட அதே செலவு. கூகுள், அப்பிள், பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா மூன்றின் தலைமையகமும் கலிபோர்னியாவில், ஒன்றுக்கொன்று ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கின்றன. ஐபோனின் முதுகில் நெடுநாள் ஒரு வரி பொறித்திருந்தார்கள்: கலிபோர்னியாவில் வடிவமைத்தது, சீனாவில் பொருத்தியது. பொருத்தும் தொழிலாளிக்குப் போவது விலையில் சிறு துண்டு. யோசித்தவனுக்குப் போவது பெருந்துண்டு. நெல்லை விளைவித்தவரைவிட இடியப்பம் அவித்தவர் கூடுதலாகச் சேர்த்த அதே கணக்கு, உலக அளவில்.

அமெரிக்காவில் பாதாம், திராட்சை, பால் மூன்றிலும் முதலிடத்திலும், நெல்லில் இரண்டாமிடத்திலும் நிற்கும் மாநிலம் கலிபோர்னியா. உலகப் பாதாமில் ஐந்தில் நாலு பங்கு அங்கேதான் விளைகிறது. வருடத்துக்கு 6,000 கோடி டொலர் அளவுக்குப் பண்ணைப் பொருள் விற்கிறார்கள். அப்படியிருந்தும் மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் விவசாயம் நூற்றுக்கு இரண்டைத் தொடுவதில்லை. மற்றதில் பெரும்பங்கு சேவைகள்: மென்பொருள், வைத்தியம், வங்கி, சினிமா, வீட்டு வாடகை, படிப்பு, போக்குவரத்து. "சேவை" என்றால் நமக்கு உடனே ஹோட்டலும் தேநீர்க்கடையும் ஞாபகம் வரும். ஒரு இருதய சத்திரசிகிச்சையும் சேவைதான், ஒரு பாலத்துக்கு வரைபடம் போடுவதும் சேவைதான்.

முடிவெட்டுபவருக்கு ஏன் கூடுதல் சம்பளம்?

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும்: "சேர், சலூனில எல்லா ஊரிலயும் கத்தரிக்கோல்தான். முடி வெட்ட எல்லா ஊரிலயும் அதே இருவது நிமிசம். அப்ப அங்க இருக்கிற சலூன்காரருக்கு ஏன் அவ்வளவு?"

நல்ல கேள்வி. அவருடைய வேலையில் எந்த மெசினும் புகவில்லை. ஆனால் அவரைச் சுற்றியுள்ள தொழில்களில் புகுந்துவிட்டது. பக்கத்துக் களஞ்சியத்தில் சரக்கு ஏற்றினாலே நல்ல சம்பளம் என்றால், குறைந்த கூலிக்கு யார் கத்தரிக்கோல் பிடிப்பார்? அவரைத் தொழிலில் நிறுத்திவைக்கவே கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க வாடிக்கையாளர் கையிலும் காசு இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம்: பெடியன்கள் கட்டாருக்கும் கொரியாவுக்கும் போகத் தொடங்கிய பிறகு வயற்கூலி ஏறியது, களை பிடுங்குவதும் நாற்று நடுவதும் மாறியதால் அல்ல.

அதனால்தான் மேசன் அதே மேசன், கை அதே கை, சம்பளம் வேறு. உற்பத்தித்திறன் பெரும்பாலும் ஆளுக்குள் இருப்பதில்லை, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் கெட்டிக்காரன், நம்ம ஆள் சோம்பேறி என்று பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகும். அதே "சோம்பேறி" விமானம் ஏறிய மறுமாதமே பல மடங்கு உழைக்கிறாரே, வானத்தில் வைத்தா மாறினார்?

மருதமுனையும் சிலிக்கன் பள்ளத்தாக்கும்

இடம் எப்படி உருவாகிறது? மருதமுனைக்குப் போய்ப் பாருங்கள். கைத்தறிச் சாரமும் சாறியும் அங்கே நெய்வதுபோல் பக்கத்து ஊரில் ஏன் நெய்யவில்லை? பக்கத்து ஊரில் கைகள் இல்லையா? மருதமுனையில் நூல் விற்பவர் இருக்கிறார், சாயம் போடுபவர் இருக்கிறார், பாவு ஓடத் தெரிந்தவர் இருக்கிறார், தறி பழுதானால் திருத்தும் தச்சர் இருக்கிறார். வாங்க வருபவர் தேடி வருவதும் அந்த ஊருக்குத்தான். பிள்ளைகள் தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்து நாடா எறியப் பழகிவிடுகிறார்கள். புதிதாகத் தறி போட நினைப்பவர் வேறு எங்கே போவார்? ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் கூடுவதால் எல்லோருக்கும் செலவு குறைவதைத் தொழில் திரள்வு என்று சொல்லலாம்.

கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கின் கதையும் இதே கதை, நூலுக்குப் பதில் கணினிச் சில்லு செய்யும் சிலிக்கன். கணினிச் சில்லுகளின் அடிப்படை உறுப்பான டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷொக்லி 1956இல் மவுன்ரன் வியூ என்ற ஊரில் ஒரு ஆய்வுகூடம் தொடங்கினார். அவருடன் வேலை செய்வது கடினமாக இருந்தது. அடுத்த வருடமே எட்டுப் பேர் ஒன்றாக விலகிப் பக்கத்திலேயே பெயர்சைல்ட் என்ற கம்பனியை ஆரம்பித்தார்கள். அந்த எட்டுப் பேரில் நொய்சும் மூரும் 1968இல் மறுபடி விலகி இன்ரெல் கம்பனியைத் தொடங்கினார்கள். அப்படி விலகிப் போக அவர்களுக்கு வழி விட்டதில் ஒரு சட்டத்துக்குப் பங்குண்டு. "என்னை விட்டுப் போனால் போட்டிக் கம்பனியில் சேரக்கூடாது" என்று முதலாளி எழுதி வாங்கும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சட்டக்கோவையிலேயே அது இருக்கிறது. தறி கற்றவர் விலகிப்போய்த் தன் வீட்டில் தறி போடலாம் என்ற சுதந்திரம் இல்லையென்றால் மருதமுனையில் எத்தனை தறி இருந்திருக்கும்?

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் வாழ்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தோட்டத்தில் பழம் பறிப்பவரும் அவர்கள், கணினி முன்னால் இருப்பவரில் ஏராளமானோரும் அவர்கள்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

அரசு ஒதுங்கி நின்றால் போதும், பணம் தானாக வளரும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இணையத்தின் தாயான வலையமைப்பில் முதல் செய்தி 1969 ஒக்டோபர் 29இல் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆய்வு நிலையத்துக்குப் போனது. இரண்டும் கலிபோர்னியாவில், செலவு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. வடக்கில் பெய்யும் மழையைத் தெற்குக்குக் கொண்டுபோக 700 கிலோமீற்றர் நீளத்தில் வாய்க்கால் வெட்டியது மாநில அரசு. எந்தத் தனி முதலாளி அதைச் செய்வார்? நம் நாட்டில் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டமும் இங்கினியாகலை அணைக்கட்டும் இல்லாமல் இன்றைய அம்பாறை வயல்களை நினைக்க முடியாது. அந்தத் திட்டத்தின் குடியேற்றம் நம் சனத்துக்கு ஏற்படுத்திய காயம் தனியாக எழுத வேண்டியது. தண்ணீர் உற்பத்தியை மாற்றியது என்பது மறுக்க முடியாதது.

நம்பிக்கை அடுத்தது. பெண்கள் சீட்டுக் கட்டும்போது ஒருவரையொருவர் தெரிந்திருப்பதால் காசு நிற்கிறது. இருபது பேருக்குள் அது வேலை செய்யும். முகம் தெரியாத இருபது இலட்சம் பேருக்குள் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒப்பந்தம் எழுத வேண்டும், மீறினால் நீதிமன்றம் நியாயமான காலத்துக்குள் தீர்க்க வேண்டும், காணி யாருடையது என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது. கிழக்கில் எத்தனை குடும்பம் உறுதிக் காணி இல்லாமல், அரசு அனுமதிப்பத்திரத்தில் மட்டும் கொடுத்த பெர்மிட் காணியில் தலைமுறையாக விவசாயம் செய்கிறது! அந்தக் காணியை விருப்பப்படி விற்கவும் முடியாது, வைத்துப் பெரிய கடன் எடுக்கவும் இலேசில் முடியாது. மண் இருக்கிறது, அது மூலதனமாக மாறுவதில்லை. பெரும்போகத்துக்கு முன்னால் அடகு பிடிக்கும் இடங்களில் வரிசை நீள்வதும், அம்மாமாரின் தாலிக்கொடி பசளைக்காகப் போவதும் இதனால்தான்.

மறுபடியும் சுருக்கமாக: ஒரு மணித்தியால உழைப்பு எவ்வளவு தருகிறது என்பதுதான் மையம். அதை உயர்த்துபவை கருவி, படிப்பு, யோசனை. இவை ஒரு இடத்தில் திரளும்போது பெருகுகின்றன. திரள்வதற்கு றோட்டும் தண்ணீரும் சட்டமும் நம்பிக்கையும் வேண்டும்.

யார் வாங்குவது?

செய்யும் திறன் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். வெள்ளாண்மை வெட்டி நெல் விற்ற கிழமைகளில் காத்தான்குடிப் புடவைக்கடைகளிலும் கல்முனைக் கடைத்தெருவிலும் நிற்க இடம் இருக்காது. விவசாயி செலவழிப்பது புடவைக்கடைக்காரரின் வருமானம், அவர் செலவழிப்பது ஆட்டோக்காரரின் வருமானம். வெள்ளத்தில் வயல் அழிந்த வருடத்தில் கடைக்காரரும் ஈ ஓட்டுவார். வாங்கும் வசதியோடு கூடிய விருப்பத்துக்குப் பொருளியலில் கேள்வி என்று பெயர்.

அமெரிக்க உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கை வாங்குவது அங்குள்ள குடும்பங்களே. ஏற்றுமதி நூற்றுக்குப் பதினொன்று போலத்தான். ஏற்றுமதி இல்லாமல் வளர்ச்சியே இல்லை என்று நாம் படிப்பது நம்மைப் போன்ற சின்ன நாட்டுக்குச் சரி. பெரிய நாடு தன் உள்வீட்டுச் சந்தையிலேயே பெரும்பாலும் ஓடுகிறது. கலிபோர்னியாவின் கம்பனிக்குச் சுங்கமோ வேறு நாணயமோ இல்லாமல் முப்பத்துநாலு கோடி வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பங்கள் பயந்து கையை இறுக்கினால் எல்லாம் தடுமாறும். 2008இல் வீட்டுக்கடன்கள் திரும்பாமல் போனபோது அதுதான் நடந்தது: கிறேன், படிப்பு, யோசனை எல்லாம் அப்படியே இருந்தன, வேலை மட்டும் போய்விட்டது.

சராசரி காட்டாதது

ஆளுக்கு ஒரு இலட்சம் டொலர் என்பது பிரித்துப் போட்ட கணக்கு, பிரித்துக் கொடுத்த கணக்கு அல்ல. அதே கலிபோர்னியாவில் 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 187,000 பேருக்கு வீடு இல்லை. தொழில் திரண்ட இடத்தில் எல்லோரும் வாழ விரும்ப, வீடு கட்டுவதற்குக் கட்டுப்பாடும் கூட, வாடகை ஆசிரியராலும் தாதியாலும் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. உற்பத்தித்திறன் செல்வத்தை உண்டாக்கும். அது யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது வேறு.

மருமகன் இரண்டு கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். இந்த முறை கையில் ஒரு தாள். கலவை மெசின் ஒன்று, சீமெந்துக் கல் அடிக்கும் மெசின் ஒன்று, இரண்டின் விலையையும் எழுதியிருந்தார். கையாள் இரண்டு பேருடன் ஒரு நாளைக்கு எத்தனை கல் அடிக்கலாம், ஒரு வீட்டுச் சுவர் எத்தனை நாளில் ஏறும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார். கடனுக்கு ஒரு வங்கியில் கேட்டாராம். காணி உறுதி இருக்கிறதா என்று கேட்டார்களாம். அப்பா காலத்துப் பெர்மிட் காணி. "அவட நகை கொஞ்சம் கிடக்கு மாமா" என்று சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.